செய்து காட்டக் கற்பது: அரியாங்குப்பத்துச் சூளைக் குறிப்புகள்

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் பழந்துறைமுகமான அரிக்கமேட்டுக்கு வருகிறவர்கள் அங்கே காண்பது, மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டையும் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றின் இடிந்த செங்கல் சுவர்களையும் மட்டுமே. தொல்லியலாளர்களான மார்ட்டிமர் வீலர் 1945இலும், கசால் 1947 முதல் 1950 வரையிலும், பின்னர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையிலும் அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. அங்கிருந்து கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் காணலாம். ஆனால் அங்கே இருக்கும் மட்கல ஓடுகள் முழுத் தட்டாகவும் கிண்ணமாகவும் இருந்தபோது எந்த மண்ணை எப்படிப் பிசைந்து, எப்படிச் சுட்டு உருவாக்கப்பட்டன என்பதைப் பார்வையாளருக்கு மேடும் காட்டுவதில்லை, பேழையும் காட்டுவதில்லை. அதைக் கண்முன் செய்து காட்டுவதற்கு ஒரு பந்தல் போட்டு, அதில் உட்கார்ந்து செய்து காட்டக் குயவர்களைப் பழக்குவதற்கு நாங்கள் சிலர் மேற்கொண்ட முயற்சியின் பதிவு இது.

இதற்கான முன்மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கின்றன. டென்மார்க்கின் லெய்ரவில் 1964 முதலும், இங்கிலாந்தின் பட்சர் பண்ணையில் 1972 முதலும், அகழாய்வில் கிடைத்த சான்றுகளை வைத்து வீடுகளை எழுப்புவதும், உழுவதும், இரும்பு உருக்குவதும், பானை சுடுவதும் பொதுமக்கள் முன்னிலையில் நடந்துவருகின்றன. இத்தகைய திறந்தவெளித் தொல்லியல் அருங்காட்சியகங்களை இணைக்கும் எக்சார்க் என்ற அமைப்பு 2001இல் தொடங்கப்பட்டது. நமக்கு அருகில், முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் கைவினைஞர்கள் தங்கள் தொழிலைச் செய்து காட்டுகிறார்கள். ஆனால் அங்கே குயவர் காட்டுவது தம் தந்தையிடம் கற்ற தொழிலை. நாங்கள் எடுத்துக்கொண்டதோ, இன்று உயிரோடிருக்கும் எவரும் எவரிடமும் கற்றிராத ஒரு வேலையை ஓடுகளைப் பார்த்து மீட்டெடுத்து, அதை மீட்டெடுத்ததாகவே சொல்லிக் காட்டுவது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், பயிற்சியின் எல்லாச் சிக்கல்களும் அதிலிருந்துதான் கிளைத்தன.

இடம் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு அதிகச் சுதந்திரம் இருக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எனவே இரண்டு வளையங்களுக்கும் வெளியே, அரியாங்குப்பம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பின் மூலையை உரிமையாளரின் சம்மதத்தோடு பெற்றோம். தரையைத் தோண்டாமல் மண்ணைக் கொட்டி மேடையாக்கி, அதன்மேல் சூளையை எழுப்பினோம். தோப்பின் மண்ணுக்கடியில் எதுவும் இல்லை என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது என்பதே அதற்குக் காரணம்.

குயவர்கள் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை சிலைகளும் அலங்காரப் பொருள்களும்தான் என்றாலும், வீட்டுப் பானைகளில் ஊறிய கைகளும் அங்கே இன்னும் இருக்கின்றன. எங்களோடு சேர்ந்தவர்களில் ஒருவர் பழைய சக்கரத்தையும் புதிய மோட்டார் சக்கரத்தையும் அறிந்த முதியவர். ஒருவர் பள்ளிகளில் மண்பாண்ட வகுப்பு எடுக்கும் இளைஞர். இன்னொருவர் மண் பதம் பார்ப்பதிலும் காவி பூசி மெருகேற்றுவதிலும் தேர்ந்த ஓர் அம்மாள். ஐப்பசி தொடங்கித் தை வரை அவர்கள் வர இயலாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். கார்த்திகை அகலும் பொங்கல் பானையும்தான் ஆண்டு வருமானத்தின் முதுகெலும்பு. அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் இருப்பதால், வெளியில் சூளை மூட்டும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. பயிற்சி நாளுக்கு, அன்று அவர்கள் தொழிலில் ஈட்டியிருக்கக்கூடிய தொகைக்குக் குறையாத கூலி என்றும், விற்பனையாகும் கலங்களை அதில் சேர்க்கக் கூடாது என்றும் முடிவு செய்தோம். செய்து காட்டுகிறவருக்கு அங்கே விற்பனையே வருமானம் என்று வைத்தால், அவர் கை தானாகவே விற்கும் பொருளின் பக்கம் போய்விடும்.

முதல் பாடம் அருங்காட்சியகத்தில் நடந்தது. யாரையும் பேசச் சொல்லாமல், ஓடுகளை மட்டும் பார்க்கச் சொன்னோம். உள்ளடியில் வட்ட வட்டமாக நுண்ணிய குழிக்கோடுகள் பதிந்திருக்கும் ரௌலெட்டட் வகைத் தட்டின் உடைந்த துண்டு ஒன்றின் முன் முதியவர் நெடுநேரம் குனிந்து நின்றார். நாங்கள் எல்லாரும் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பார்த்தது உடைந்த விளிம்பை. “ஓரத்தப் பாரு தம்பி. சல்லி ஒண்ணு இல்ல, உமி எரிஞ்ச பொத்தல் இல்ல. மண்ண வடிச்சு எடுத்திருக்கான். நாம இப்ப பானைக்குப் பிசையிற மண்ணு இதுக்கு ஆவாது” என்றார். அதே பேழையில் இருந்த ஒரு தடித்த ஓட்டைக் காட்டி, அதில் மணல் கலந்திருப்பதையும் அது அடுப்பில் ஏற வேண்டிய கலம் என்பதையும் சொன்னார். தொல்லியல் நூல்கள் இதை நுண்கலம், பருங்கலம் என்று பிரித்து எழுதுகின்றன; அவர் பிரித்தது பயன்பாட்டை வைத்து. எந்தெந்தக் கலங்களைச் செய்து காட்டுவது என்ற எங்கள் பட்டியலை அன்றே திருத்தினோம்.

வடித்தெடுக்கும் வேலைதான் அதிகப் பொறுமையைக் கேட்டது. ஏரி வண்டலைத் தொட்டியில் நீர்விட்டுக் கரைத்து, கல்லும் மணலும் அடியில் இறங்கியபின் மேலே நிற்கும் குழம்பை மட்டும் துணியில் வடித்து அடுத்த தொட்டிக்கு மாற்றி, அது தெளிந்தபின் நீரை இறுத்து, சேற்றைச் செங்கல் பரப்பின்மேல் ஊற்றி இறுக விட வேண்டும். இப்படிக் கிடைக்கும் மண் விரலில் வெண்ணெயாகக் குழைகிறது; ஆனால் மணல் இல்லாததால் காயும்போது மிகுதியாகச் சுருங்கி, அகன்ற தட்டின் அடியில் வெடிப்பு விடுகிறது. வனைந்த உடனே அடிப்பகுதியை உள்ளிருந்து வெளியே பலமுறை அழுத்தி இறுக்குவது, மூன்று பக்கமும் ஓலை மறைத்த நிழலில் கவிழ்த்து மெதுவாக உலர்த்துவது ஆகிய இரண்டும் கைகூடியபின்தான் தட்டுகள் தேறின. பார்வையாளருக்கு இந்த வேலை சலிப்பூட்டும் என்று இளைஞர் கருதினார். நடந்தது அதற்கு நேர்மாறு: இரண்டு தொட்டிகளின் மண்ணையும் தொட்டுப் பார்க்கச் சொன்னால் குழந்தைகள் நகர மறுக்கிறார்கள்.

சக்கரத்தைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. மோட்டார் சக்கரத்தில் வனைந்தால் வேலை சீராக நடக்கும், முதுகு நோகாது. ஆனால் கோலால் சுற்றிவிடும் கனத்த சக்கரத்தில், சுற்று வேகமாகத் தொடங்கிப் படிப்படியாகத் தளர்கிறது. எந்த வேலையை வேகம் இருக்கும்போது முடிப்பது, எதைத் தளரும்போது செய்வது என்று குயவர் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் திட்டமிடுகிறார். அந்தத் திட்டமிடலைக் காட்டுவதுதான் எங்கள் நோக்கம் என்பதால் கனத்த சக்கரத்தையே வைத்தோம். மரச்சக்கரம் மண்ணில் மக்கிவிடும். ஓடுகளின் உட்பக்கத்தில் பதிந்திருக்கும் விரல்வரிகள் சக்கரம் இருந்ததற்குச் சான்று, ஆனால் அது எந்த வடிவச் சக்கரம் என்பதற்குச் சான்று அல்ல. எனவே “இது எங்கள் ஊரின் பழைய சக்கரம், அரிக்கமேட்டுச் சக்கரம் இப்படித்தான் இருந்தது என்று சொல்ல முடியாது” என்ற வாக்கியத்தைச் செய்து காட்டுபவர் சக்கரத்தைச் சுற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று வைத்தோம்.

குழிக்கோடுகளைப் பதிக்கும் முறைதான் இந்தத் திட்டத்திலேயே எங்களை அதிகமாக ஈர்த்தது. வீலர் இந்த அலங்கார முறையை மத்தியதரைக் கடல் பகுதியோடு தொடர்புபடுத்தினார். கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பது பின்வந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டது. பதித்த கருவி எது என்பதற்கு இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, பற்கள் வெட்டிய சிறு உருளையைச் சுழலும் தட்டின்மேல் அழுத்தி ஓட்டுவது. மற்றொன்று, வளைந்து மீளும் தகட்டின் முனையைச் சுழலும் பரப்பின்மேல் தளர்வாகப் பிடித்து, அது தானாகத் துள்ளித் துள்ளிக் கொத்துமாறு விடுவது. ஜப்பானின் ஓன்டா ஊர்க் குயவர்கள் இரண்டாம் முறையை இன்றும் கையாள்கிறார்கள். நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம்.

உருளைக்குச் சவுக்குக் கட்டையில் பல் வெட்டினோம். தகட்டுக்கு, சரக்குப் பெட்டிகளைக் கட்டும் மெல்லிய இரும்புப் பட்டையின் நுனியை வளைத்துத் தீட்டிக்கொண்டோம். மூங்கில் சிம்பையும் முயன்றோம், அதன் நுனி சீக்கிரம் மழுங்கியது. தட்டு அரைக்காய்ச்சலில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு முறைகளும் ஒன்றே. ஈரம் மிகுந்திருந்தால் தகடு மண்ணை இழுத்துக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் வெறும் கீறலும் தூளும்தான் மிஞ்சும். நகத்தால் அழுத்தினால் வடு விழ வேண்டும், மண் நகத்தில் ஒட்டக் கூடாது என்பது அந்த அம்மாள் வகுத்த சோதனை. முதியவர் தகட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே, தட்டுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக, இறுக்கிப் பிடிக்காமல் நிறுத்தினார். முதலில் வெறும் உரசல் ஓசை. பிடியைச் சற்றே தளர்த்தியதும் ‘டர்ர்ர்’ என்று ஒரே சீரான ஒலி எழுந்து, தகட்டின் கீழே கண்ணுக்கு எட்டாத வேகத்தில் குழிகள் வரிசை கட்டின. “நான் ஒண்ணும் பண்ணல. அதுவே கொத்துது” என்று சிரித்தார்.

பயன் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தகட்டின் துள்ளல் ஏறத்தாழ ஒரே கதியில் இருப்பதால், சக்கரம் தளரத் தளரக் குழிகள் நெருங்கி விழுகின்றன. வட்டத்தின் வெளிச்சுற்றில் இடைவெளி கூடுகிறது, உட்சுற்றில் குறைகிறது. உருளையில் இடைவெளி மாறுவதே இல்லை. ஆனால் ஒரு பல் பழுதாக வெட்டப்பட்டிருந்தால், அந்தப் பழுது உருளையின் சுற்றளவுக்கு ஒருமுறை தவறாமல் திரும்ப வருகிறது. பழைய ஓட்டைப் பார்க்கும் எவரும் இவ்விரு அடையாளங்களையும் தேடலாம். நாங்கள் இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்து, ஓட்டின் பெரிதாக்கிய படத்தை அவற்றின் மேலே மாட்டி, “எது என்று நீங்களே பாருங்கள்” என்று விட்டுவிடுகிறோம். செய்து காட்டுபவர் தீர்ப்புச் சொல்வதில்லை. வருகிறவர்கள் எங்கள் விளக்கத்தைக் கேட்பதைவிட அந்தப் படத்தின்முன் நிற்கும் நேரமே அதிகம். இதை நான் வெற்றியாகவே கருதுகிறேன்.

இதே தட்டு இன்னொரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு ஒன்று இவ்வகைக் கலங்களின் மண்ணை வங்கத்தின் கீழைக் கங்கைப் பகுதியோடு இணைத்திருக்கிறது. அப்படியென்றால் அரிக்கமேட்டில் கிடைத்த தட்டு கப்பலில் வந்த சரக்காகவும் இருக்கலாம். இதைக் கேட்டபோது இளைஞருக்கு முகம் வாடியது, “நம்ம ஊரு குயவன் செஞ்சதுன்னு சொன்னாத்தானே சார் ஜனங்க கேப்பாங்க?” என்றார். கேட்பார்கள்தான். ஆனால் வங்கத்திலிருந்து தட்டும் இத்தாலியிலிருந்து அரிட்டைன் என்னும் சிவந்த மெருகுக் கிண்ணமும் மது நிரம்பிய ஆம்போராச் சாடியும் வந்து இறங்கிய துறை என்று சொன்னாலும் ஊரின் பெருமை குறைந்துவிடாது. நம் பக்கத்துக் குயவரின் வேலை என்று துணிந்து சொல்வதற்குக் கருப்பு-சிவப்புக் கலம் இருக்கிறது. அது தமிழகத்தின் பெருங்கற்கால ஈமச் சின்னங்களிலும் வாழ்விடங்களிலும் பரவலாகக் கிடைப்பது.

அந்தக் கலத்தின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு. வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. மண்ணிலுள்ள இரும்பு, காற்றோட்டத்தில் சுடப்பட்டால் சிவக்கும். காற்று அறுந்து புகை சூழ்ந்தால் கருக்கும், கரித்துகளும் நுண்துளைகளில் ஏறிப் படியும். கலத்தைக் கவிழ்த்து, வாயைச் சருகிலும் உமியிலும் புதைத்து ஒரே சூட்டில் இரண்டு நிறத்தையும் வரவழைக்கலாம். அல்லது முதலில் முழுதும் சிவக்கச் சுட்டு, பழுத்த நிலையிலேயே எடுத்துச் சருகில் கவிழ்த்து மூடலாம். பார்வையாளர் முன்னிலையில் இரண்டாவதுதான் கண்ணைக் கவரும்: சிவந்த கலம் சருகைத் தொட்டதும் தீ எழுவதும், மண்ணால் மூடியதும் அடங்குவதும் சில நொடிகளில் முடிகின்றன. அதனாலேயே அதன்மேல் எனக்கு ஐயம். கண்ணைக் கவர்வதால் பழையவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். மேலும் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியசில் சட்டென்று கன அளவு மாறும் பொருள். மணல் கலந்த கலம் சூட்டிலிருந்து வெளியே வந்ததும் அந்த எல்லையை வேகமாகக் கடக்கும்போது சன்னமாக ஒரு ‘டிக்’ ஓசை கேட்டால், அது போயிற்று என்று பொருள். கனமான சிறு கிண்ணங்களை மட்டும் இப்படிச் செய்து, மற்றவற்றைக் கவிழ்த்துப் புதைக்கும் முறையில் சுடுகிறோம்.

கவிழ்த்துப் புதைக்கும் முறையின் முதல் சூளையில் கருப்பு திட்டுத்திட்டாகவே ஏறியது. வைக்கோல் சீக்கிரம் எரிந்து தீர்ந்ததும், முற்பகலில் கிளம்பும் கடற்காற்று கிழக்குப் பக்கத்துப் பிளவுகளில் புகுந்ததும் காரணங்கள். வைக்கோலுக்குப் பதிலாகப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிச் சருகை நெருக்கித் திணித்தோம். அது மெதுவாகக் கனன்று நீண்ட நேரம் புகைகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டை மட்டும் கலக்கக் கூடாது, அதன் எண்ணெய்ப்புகை கண்ணையும் தோலையும் அரிக்கும். விளிம்பைச் சுற்றிச் சேறும் மணலும் குழைத்துப் பூசினோம். விடியலில் மூட்டி, காற்று எழும்முன் காற்று வழியை அடைத்துவிடும்படி நேரத்தை மாற்றினோம். சவுக்குச் சிம்பும் வறட்டியும் எரிபொருள். தொடக்கத்தில் நெடுநேரம் வெறும் புகைமூட்டம்தான்; கலத்தில் மிஞ்சிய ஈரம் ஆவியாகும்போது அவசரப்பட்டால் வெடிக்கும். சூளையில் செருகிய வெப்பமானி 700 டிகிரியை ஒட்டிக் காட்டியபோது முதியவர் கலத்தின் நிறத்தைப் பார்த்து, “இன்னும் பழுக்கல, கொஞ்சம் போடு” என்றார். இன்னும் கொஞ்சம் போட்டோம். வெளிப்பக்கத்துச் சிவப்பு சீராக வந்தது.

செய்து காட்டும் பயிற்சி இவற்றுக்கெல்லாம் இணையாக நடந்தது, கடினமானதும் அதுவே. தேர்ந்த கை தன் வேலையை மறைக்கிறது. முதியவர் ஒரு கிண்ணத்தை எழுப்பி நூலால் அறுத்து எடுத்து வைக்கும் நேரத்துக்குள், பார்த்தவர் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார். எங்கே நிறுத்துவது என்று பழக வேண்டியிருந்தது: மண் நடுவில் நின்றதும் ஒரு நிறுத்தம், துளை திறந்ததும் ஒன்று, சுவர் எழுந்ததும் ஒன்று. நிறுத்தும்போது சக்கரம் தளர்ந்துவிடும் என்பதால், மறுபடி கோலால் சுற்றும் அந்த இடைவெளியிலேயே பேச வேண்டும். பார்வையாளர் இருக்கும் பக்கத்துக்குக் கை குறுக்கே வராதபடி உட்காரும் திசையை மாற்றினோம். இடக்கைப் பக்கம் நின்றால்தான் உள்ளே போகும் விரல்கள் தெரியும்.

பேச்சுக்கு எழுதிக் கொடுத்த உரை எதுவும் இல்லை. ஒவ்வொரு கூற்றும் மூன்றில் எதைச் சேர்ந்தது என்று குயவரே பிரித்தறிய வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்: ஓட்டில் தெரிவது, நாங்கள் செய்து பார்த்துக் கண்டது, எங்கள் ஊகம். புறநானூற்றின் 228ஆம் பாடல் கலம் செய்யும் குயவனைக் ‘கோ’ என்று விளித்து, அவன் சூளைப்புகை இருள்போல் வானில் ஊன்றி நிற்பதைச் சொல்கிறது. இளைஞர் அதைச் சொல்ல விரும்பினார், சொல்கிறார். ஆனால் அந்தப் புகையிலிருந்து சூளையின் கட்டமைப்பு தெரிந்துவிட்டதாகச் சொல்வதில்லை. வேடம் பற்றியும் பேச்சு வந்தது. சில அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் செய்து காட்டுபவர் பழங்காலத்து மனிதராகவே நடித்துப் பேசுவார். எங்கள் முதியவரை அப்படி நடிக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை, அவரும் “வேட்டிதான் கட்டிக்கினு இருக்கேன், வேற என்னத்துக்கு?” என்று முடித்துவிட்டார். தோல் கையுறை, கண்ணாடி, தண்ணீர் வாளி, வெப்பமானி எல்லாம் வெளிப்படையாகவே இருக்கின்றன. அந்த அம்மாள் கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும்போது தாமாகவே, “இது எங்க பழக்கம். அவங்க கல்லுல தேச்சாங்களா, விதையில தேச்சாங்களான்னு எனக்குத் தெரியாதும்மா” என்று ஒரு மாணவியிடம் சொன்னபோது, பயிற்சிக்கு இனி நான் அதிகம் தேவைப்பட மாட்டேன் என்று தோன்றியது.

இப்போது மீதமிருக்கும் வேலை கழிவைப் பற்றியது. அகழ்வு மேட்டுக்கு இவ்வளவு அருகில், பழைய முறையில் வனைந்து பழைய முறையில் சுட்ட கலங்கள் உடைந்து சிதறினால், பின்னாளில் மேற்பரப்பில் ஓடு பொறுக்கும் ஆய்வாளரைக் குழப்பும். எனவே ஒவ்வொரு கலத்தின் அடியிலும் ஈரமாக இருக்கும்போதே ஆண்டையும் ஒரு குறியையும் அழுத்துகிறோம். ஆனால் விளிம்புத் துண்டில் அடிக்குறி இருக்காது என்பதால், பரப்பு பெரிதாக உள்ள கலங்களின் சுவரிலும் உட்பக்கம் சிறு குறி வைக்கத் தொடங்கியிருக்கிறோம். உடைந்த ஓடுகள், சூளைச் சாம்பலில் கலந்த சில்லுகள் உட்பட, சலித்துச் சாக்கில் சேர்க்கப்பட்டு வில்லியனூருக்கே திரும்புகின்றன. அங்கே அவற்றை இடித்துத் தூளாக்கி, அடுப்புக் கலத்துக்கான மண்ணில் மணலுக்குப் பதிலாகக் கலக்கிறார்கள்.